பிழையறிந்து செலுத்தும் கலை: திசைகாட்டியும் தமிழகக் கடல்வழியும்

முகப்பேரில் கூடும் கடல்வழிக் கருவிகள் பற்றிய கருத்தரங்கின் தலைமையுரை

கப்பலின் முகப்பு எத்திசையை நோக்கி நிற்கிறது என்பதும், கரையிலோ வானிலோ உள்ள ஒரு பொருள் கப்பலிலிருந்து எத்திசையில் தெரிகிறது என்பதும் மாலுமி இடைவிடாமல் எழுப்பிக்கொள்ளும் இரு கேள்விகளாகும். முதற் கேள்விக்கு விடை தருவது திசைகாட்டி; இரண்டாவதற்கு விடை தருவன, திசைகாட்டியின் மேலோ அதற்குத் துணையாகவோ அமைந்து, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணப்படும் திசைக்கோணத்தை அளக்கும் குறிநோக்குக் கருவிகள். இவ்விரு வகைக் கருவிகளே இந்த அவையின் ஆய்வுப்பொருள்.

கடற்கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளடங்கிய முகப்பேரில் கடற்கருவிகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். ஆயினும் இப்பகுதியின் அண்டையில் உள்ள அம்பத்தூர் தொழிற்பேட்டை இரும்பையும் எஃகையும் நுட்பமாகக் கடைந்து அளக்கும் பட்டறைகளால் பெயர் பெற்றது. அதற்கு மேற்கே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், போர் ஊர்திகளுக்கான ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமும் இயங்குகின்றன. எஃகுக் கவசம் சூழ்ந்த பீரங்கி வண்டிக்குள் காந்த ஊசி நம்பத்தக்க திசையைக் காட்டாது என்பது ஆவடியில் பணியாற்றுவோர் நன்கறிந்த செய்தி. மரக்கலம் இரும்புக் கப்பலாக மாறிய 19ஆம் நூற்றாண்டில் மாலுமிகள் எதிர்கொண்டதும் இதே இடர்ப்பாடுதான். கருவியைச் செய்வோரும், கருவியைக் கெடுக்கும் இரும்பின் இயல்பை அறிந்தோரும் வாழும் வட்டாரத்தில் இக்கருத்தரங்கு கூடுவது, அவ்வகையில் மிகவும் பொருத்தமானதே.

எந்தத் திசைகாட்டியும் உண்மையான வடக்கைத் தானாகவே காட்டிவிடுவதில்லை. அது எவ்வளவு பிழைபடுகிறது, எக்காரணத்தால் பிழைபடுகிறது, இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப அப்பிழை எவ்வாறு மாறுகிறது என்பவற்றை அறிந்து, உரிய அளவைக் கூட்டியும் கழித்தும் உண்மைத் திசையைப் பெறுவதே மாலுமியின் கல்வி. ஆகவே இக்கருவிகளின் வரலாற்றை, முதலில் கண்டுபிடித்தவர் யார் என்னும் உரிமை வழக்காக எழுதுவதைவிட, பிழையை யார், எவ்வாறு அளந்தனர் என்னும் வரலாறாக எழுதுவதே ஆய்வுக்குப் பயன் தரும் என்பது இத்தலைமையுரையின் மையக் கருத்தாகும்.

விண்மீனும் இராப்பலகையும்

காந்த ஊசி வருவதற்கு முன்பும், வந்த பின்பு நெடுங்காலமும், இந்தியப் பெருங்கடலில் கப்பலோட்டியோர் விண்மீன்களையே திசைக்கு நம்பினர். அரபு மாலுமிகள் அடிவானத்தை 32 பகுதிகளாக வகுத்து, வட துருவத்தையும் தென் துருவத்தையும் இரு முனைகளாகக் கொண்டு, 15 விண்மீன்கள் எழும் இடங்களையும் மறையும் இடங்களையும் எஞ்சிய 30 திசைகளுக்குப் பெயராக இட்டனர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்னு மாஜித் எழுதிய கடல்வழி நூல் இம்முறையை விரிவாக விளக்குகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்களில் விண்மீன்கள் ஏறத்தாழச் செங்குத்தாக எழுவதால், ஒரு மீன் அடிவானத்தைவிட்டுக் கணிசமான உயரம் ஏறிய பிறகும் அதன் திசை பெரிதாக மாறுவதில்லை. ஐரோப்பாவின் வட கடல்களில் அது சாய்வாக எழுந்து விரைவில் திசை மாறிவிடும். விண்மீன் திசைவட்டம் இக்கடலில் வேரூன்றியதற்கு, மேகமற்ற வானமும், பருவந்தோறும் ஒரே திசையில் வீசும் காற்றும், இந்த வானியல் இயல்பும் சேர்ந்தே காரணமாயின.

திசையை விண்மீன் தர, அகலாங்கை, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்காகவோ தெற்காகவோ உள்ள கோணத் தொலைவை, அளக்க ஒரு சிறு பலகை பயன்பட்டது. அரபு மாலுமிகள் கமால் என்று வழங்கிய இக்கருவி சோழமண்டலக் கரையில் இராப்பலகை எனப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் செவ்வக மரப்பலகையின் நடுவே துளையிட்டு ஒரு நூல் கோக்கப்பட்டிருக்கும். அந்நூலில் இடையிடையே முடிச்சுகள் இருக்கும். மாலுமி ஒரு முடிச்சைப் பற்களுக்கிடையே பிடித்துக்கொண்டு, நூல் விறைக்கும் அளவுக்குப் பலகையை முன்னே நீட்டி, அதன் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொடும்போது மேல்விளிம்பு துருவ மீனைத் தொடுகிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்தின் அகலாங்குக்கு உரியதாகையால், எந்த முடிச்சில் இரு விளிம்புகளும் பொருந்துகின்றனவோ அந்தத் துறைமுகத்துக்கு நேர் கிழக்கிலோ மேற்கிலோ கப்பல் நிற்கிறது என்பது தெளிவாகும். பின்னர் அந்த உயரம் மாறாமல் கப்பலைச் செலுத்தினால் துறை தானே எதிர்ப்படும். சோழமண்டலக் கரை மாலுமிகளின் இத்தகைய உத்திகளைக் கேப்டன் காங்கிரீவ் 1850இல் 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்' இதழில் பதிவு செய்தார். அதற்கு முன்பே, 1836இல், ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தாவிலிருந்து வெளியான ஆசியக் கழக இதழில் அரபு மாலுமிகளின் பலகையை ஆராய்ந்திருந்தார்.

இக்கருவியின் அளவலகு விரல். முழு வட்டத்தை 224 விரலாக வகுத்தால் ஒரு விரல் ஏறத்தாழ 1 பாகை 36 கலை ஆகும். சென்னையின் அகலாங்கு ஏறத்தாழ 13 பாகை 5 கலை. நாகப்பட்டினத்தின் அகலாங்கு ஏறத்தாழ 10 பாகை 46 கலை. இவ்விரு துறைகளுக்கும் இடையே துருவ மீனின் உயரம் ஒன்றரை விரலுக்குச் சற்றுக் குறைவாகவே மாறுகிறது. அரை விரல் தவறாக அளந்தாலும் கப்பல் ஏறத்தாழ 48 கடல் மைல் வடக்கிலோ தெற்கிலோ விலகிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால், அலையில் ஆடும் கலத்தில் நின்று அளந்தவர்களின் பயிற்சி எத்தகையது என்பது விளங்கும். இங்கேயும் பிழையறிவு இன்றியமையாததாக இருந்தது. இன்று துருவ மீன் வட துருவப் புள்ளியிலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாகவே விலகியுள்ளது. ஆனால் புவி அச்சின் மெதுவான திசைமாற்றத்தால், சோழர் படை கடாரம் சென்ற 1025ஆம் ஆண்டளவில் அவ்விலக்கம் ஏறத்தாழ 6 பாகையாக இருந்தது. எனவே அக்காலத்தில் துருவ மீனின் உயரத்தை அப்படியே அகலாங்காகக் கொள்ள இயலாது. இரவின் எந்தப் பொழுதில், அண்டையிலுள்ள காவல் மீன்கள் எந்நிலையில் நிற்கும்போது அளக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

விரல் அலகு ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கடற்பயணங்களோடு தொடர்புடையனவாகச் சீன நூலொன்றில் பாதுகாக்கப்பட்டுள்ள வரைபடங்கள், காந்த ஊசியின் திசைகளோடு துருவ மீனின் உயரத்தையும் விரல் கணக்கில் குறிக்கின்றன. இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் இடையிலான வழிக்கு விண்மீன் படமும் அவற்றுள் உண்டு. அதே கடற்படை இலங்கையின் காலித் துறையில் விட்டுச்சென்ற, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளில் அமைந்தது. மூன்று மொழி பேசிய வணிகர் ஒரே கடலில் கலந்து பழகியபோது, பலகையும் முடிச்சும் விரலும் ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்குச் சென்றிருக்கும் என்று கருதுவது இயல்பே.

காந்த ஊசியும் சான்றின் வலிமையும்

காந்த ஊசியின் பழைய எழுத்துச் சான்றுகளில் தெளிவானது சீனத்துடையது. 1088ஆம் ஆண்டளவில் ஷென் குவோ காந்த ஊசியை விவரித்ததோடு, அது நேர் தெற்கைக் காட்டாமல் சற்றே விலகி நிற்பதையும் குறித்தார். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஸூ யூ, மேகம் மூடிய நாளில் மாலுமிகள் ஊசியைப் பார்ப்பதைச் சொல்கிறார். அந்நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் நெக்கம் ஐரோப்பிய மாலுமிகளின் ஊசியைக் குறிப்பிடுகிறார். கிழக்கு மத்தியதரைக் கடலில் நீரில் மிதக்கும் ஊசியை 1242இல் கண்டதாக பைலக் அல் கிப்ஜாகி என்னும் அரபு ஆசிரியர் எழுதியுள்ளார். 1269இல் பியேர் தெ மாரிகூர், அளவு பொறித்த வட்டத்தின் நடுவே கூர்முனை மேல் சுழலும் ஊசியை விளக்கினார்.

இந்திய மாலுமிகளைப் பொறுத்தவரை இருவேறு கூற்றுகள் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. 15ஆம் நூற்றாண்டில் வந்த இத்தாலியப் பயணி நிக்கோலோ தெ கோன்தி, இந்தியர் காந்த ஊசியை அறியாமல் தென்வான மீன்களைக் கொண்டே செலுத்துகின்றனர் என்றார். அதற்கு எதிர்முனையில், ராதாகுமுத் முகர்ஜி 1912இல் வெளியிட்ட இந்தியக் கப்பல் தொழில் வரலாறு, எண்ணெயில் மிதந்து வடக்கைக் காட்டிய இரும்பு மீனாகிய மச்ச யந்திரத்தைப் பற்றிய குறிப்பொன்றை பம்பாய் கெசட்டியரிலிருந்து எடுத்தாண்டது. அன்றுமுதல் அது ஐயத்துக்கு அப்பாற்பட்ட உண்மைபோல் வழங்கிவருகிறது. கோன்தியின் கூற்று ஒரு பயணி கண்ட சில கப்பல்களுக்கு மட்டுமே பொருந்தக்கூடும். அதே நூற்றாண்டில் இக்கடலில் ஓடிய இப்னு மாஜித் காந்த ஊசியை அறிந்திருந்தார். மச்ச யந்திரக் குறிப்போ கடலில் பயன்பட்ட ஒரு கருவியைக் காட்டிச் சொல்லப்பட்டதன்று. மேலும் இந்திய வானியல் நூல்களில், நட்ட குச்சியின் நிழலைக் கொண்டு திசை காணும்போது, இரு வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தோன்றும் உருவத்துக்கும் மீன் என்றே பெயர். மீன் என்னும் குறிப்பைக் கண்டவுடன் காந்தத்தைக் கருதிவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதிய எச்சரிக்கை.

தமிழில் கடலோட்டம் குறித்துக் கிடைக்கும் ஏடுகளும் இங்குக் கவனத்துக்குரியன. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழி 1950இல் அச்சேறிய 'கப்பல் சாத்திரம்' மரத்தின் தன்மை, கலத்தின் அளவு, நற்பொழுது ஆகியவற்றையே பெரிதும் பேசுகிறது. கருவியறிவு ஏட்டில் ஏறாமல் கைப்பழக்கமாகவும் வாய்மொழியாகவும் தந்தையிடமிருந்து மகனுக்கும், தோணித் தலைவரான தண்டலிடமிருந்து உடன் செல்வோருக்கும் கடத்தப்பட்டது. ஏட்டில் இல்லாததால் அறிவே இல்லை என்று முடிவு கட்டுவதும், இருந்திருக்க வேண்டும் என்ற விருப்பத்தால் கருவியைக் கற்பித்துக்கொள்வதும் ஆய்வுக்கு ஒரே அளவில் கேடு தருவன.

ஊசியின் மூன்று பிழைகள்

காந்த ஊசிக்கு மூவகைப் பிழைகள் உண்டு. முதலாவது காந்த ஒதுக்கம். மாலுமிகள் இதனை வேரியேஷன் என்பர். புவியின் காந்த வடக்கு, புவியியல் வடக்கோடு பொருந்தாததால் ஊசி உண்மை வடக்கிலிருந்து ஒதுங்கி நிற்கும் கோணமே இது. இது இடத்துக்கு இடம் வேறுபடுவதோடு காலத்துக்குக் காலமும் மாறும் என்பதை 1635இல் ஹென்றி கெலிபிரண்ட் இலண்டனில் கண்டறிந்தார். 1580ஐ ஒட்டி அங்கே கிழக்காக ஏறத்தாழ 11 பாகையாக இருந்த ஒதுக்கம், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்காக ஏறத்தாழ 24 பாகை வரை சென்று திரும்பியது. சென்னையில் இன்று அது மேற்காக ஒன்று முதல் இரண்டு பாகைக்குள் அடங்குவது. சிறிய அளவுதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 60 கடல் மைல் ஓட்டத்தில் 1 பாகைப் பிழை ஏறத்தாழ 1 கடல் மைல் விலக்கத்தைத் தரும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 740 கடல் மைல் தொலைவிலுள்ள போர்ட் பிளேயருக்கு 1 பாகை தவறிச் செல்லும் கப்பல் முடிவில் ஏறத்தாழ 13 கடல் மைல் விலகி நிற்கும்.

இரண்டாவது, மாலுமிகள் டீவியேஷன் எனக் கூறும் கப்பல் விலக்கம். கப்பலின் சொந்த இரும்பு ஊசியை இழுப்பதால் உண்டாகும் இவ்விலக்கம், கப்பலின் முகப்பு எத்திசையை நோக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். 1801 முதல் 1803 வரை ஆஸ்திரேலியக் கரையை அளந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸ், மரக்கப்பலிலுள்ள இரும்பே இவ்விளைவைத் தருவதையும், தென்கோளத்தில் அது எதிர்த்திசைக்கு மாறுவதையும் கண்டார். 1838இல் ஜார்ஜ் ஏரி 'ரெயின்போ' என்னும் இரும்பு நீராவிக் கப்பலில் சோதனை நடத்தி, எதிர்க்காந்தங்களையும் மெல்லிரும்பையும் திசைகாட்டியின் அருகே வைத்து விலக்கத்தைச் சரிசெய்யும் முறையை வகுத்தார். 1870களில் வில்லியம் தாம்சன் என்னும் கெல்வின் பிரபு உருவாக்கிய அமைப்பே இன்றும் கப்பல்களில் காணப்படும் பின்னக்கிள் என்னும் திசைகாட்டிப் பீடத்தின் முன்னோடி: இடுப்பளவு உயரமுள்ள தூணின் தலையில் திசைகாட்டிக் கிண்ணம், தூணின் உள்ளே வரிசையாகக் காந்தத் தண்டுகள், இரு பக்கங்களிலும் இரும்புக் கோளங்கள், முன்புறம் ஃபிளிண்டர்ஸின் பெயர் தாங்கிய செங்குத்தான மெல்லிரும்புத் தண்டு.

மூன்றாவது காந்தச் சரிவு, அதாவது தடையின்றித் தொங்கும் ஊசி கிடைமட்டத்திலிருந்து கீழ்நோக்கிச் சாயும் கோணம். இதில்தான் தமிழகத்தின் இருப்பிடம் சிறப்பான இடம் பெறுகிறது. சரிவு சுழியாகும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு தென் தமிழகத்தின் வழியே செல்கிறது. அங்கே புவிகாந்தப் புலம் ஏறத்தாழ முழுவதும் கிடைமட்டமாகவே அமைந்து, அதன் வலிமை 40,000 நானோ டெஸ்லா அளவில் உள்ளது. இது பிரிட்டனில் உள்ள கிடைமட்ட வலிமையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. ஊசியைத் திருப்பும் விசை கூடுவதால், கிளாஸ்கோவில் கட்டிய கப்பலின் நிலையான காந்தத்தன்மை தாய்த்துறையில் விளைத்த விலக்கம், நம் கடலில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். அதோடு, செங்குத்தான மெல்லிரும்பைக் காந்தமாக்குவது புலத்தின் செங்குத்துக் கூறே ஆகையால், காந்த நடுக்கோட்டில் அவ்விரும்பின் விளைவு மறைந்து, நிலையான காந்தத்தின் விளைவு மட்டும் எஞ்சும். வேறு கடல்களில் பின்னிப் பிணைந்து கிடக்கும் இரு பிழைகளைத் தனித்தனியே பிரித்தறிய மாலுமிக்கு வாய்க்கும் இடங்களுள் குமரிமுனைக் கடலும் ஒன்று. ஃபிளிண்டர்ஸ் தண்டின் நீளத்தை முறைப்படி கணக்கிட, காந்த நடுக்கோட்டருகே எடுத்த விலக்கத்தையும் வேறோர் அகலாங்கில் எடுத்த விலக்கத்தையும் ஒப்பிடுவது இதனாலேயே.

இத்தகைய அறிவுக்கு வேண்டிய அளவீடுகள் தமிழக மண்ணில் பெரும் உழைப்பால் திரட்டப்பட்டன. சோழமண்டலக் கரையை அளந்த மைக்கேல் டாப்பிங் 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகத்தை எழுப்பியதும், 1794இல் அவர் தொடங்கிய நில அளவைப் பள்ளி பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்ததும் பலரும் அறிந்தன. அவ்வானாய்வகத்தின் டி. ஜி. டெய்லரும் திருவனந்தபுர வானாய்வகத்தின் ஜான் கால்டிகாட்டும் 1830களின் இறுதியில் தென்னிந்தியாவெங்கும் புவிகாந்தத்தின் திசையையும் வலிமையையும் அளந்தனர். 1840களில் சென்னையில் தொடர் காந்தப் பதிவுகள் நடைபெற்றன. ஜான் ஆலன் புரௌன் 1855இல் அகத்தியமலையின் உச்சியிலேயே ஒரு காந்த ஆய்வகத்தை அமைத்தார். இன்று அப்பணியைத் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் தொடர்கிறது. இத்தகைய அளவீடு எவ்வளவு நொய்மையானது என்பதற்கு மும்பை சான்று: மின்சார டிராம் வந்தால் கொலாபாவின் பதிவுகள் கெடும் என்று கண்டு, 1904இல் அங்கிருந்த காந்த ஆய்வகம் கடல் கடந்து அலிபாகுக்கு மாற்றப்பட்டது.

குறிநோக்கும் கலை

திசைகாட்டி கப்பலின் முகத்தைச் சொல்ல, குறிநோக்குக் கருவி கப்பலின் இடத்தைச் சொல்லும். திசைகாட்டிக் கிண்ணத்தின் மேல் பொருந்தும் அசிமுத் வளையம் ஒரு பக்கத்தில் பிளவும் எதிர்ப்பக்கத்தில் மெல்லிய கம்பியும் கொண்டது. பிளவு வழியே பார்ப்பவர் கம்பியைத் தொலைவிலுள்ள பொருளோடு பொருத்தும்போது, கண்ணாடிப் பட்டகம் ஒன்று அவ்விடத்துத் திசைக்கோணத்தை அதே பார்வையில் காட்டிவிடும். பெலோரஸ் என்பது காந்தமே இல்லாத திசைவட்டம். திசைகாட்டிப் பீடத்திலிருந்து பார்வை மறையும் பக்கங்களில் நிறுத்தப்பட்டு, கப்பலின் முகப்போடு ஒப்பிட்டுக் கோணத்தை அளக்க உதவுவது. 1812இல் சார்லஸ் ஷ்மால்கால்டர் காப்புரிமை பெற்ற பட்டகத் திசைகாட்டியோ கையில் ஏந்தி நிலத்திலும் படகிலும் பயன்படுத்தத் தக்கது.

சென்னைக்கு எதிரே நிற்கும் ஒரு கப்பலை எடுத்துக்கொண்டால் செய்முறை தெளிவாகும். திசைகாட்டியின் வழியே மெரினா கலங்கரை விளக்கம் 262 பாகையில் தெரிகிறது எனக் கொள்ளலாம். கப்பல் அப்போது நோக்கியிருக்கும் திசைக்கு விலக்க அட்டை கிழக்கு 3 பாகை என்று சொன்னால் அதைக் கூட்டி 265 என்னும் காந்தத் திசைக்கோணம் பெறப்படும். காந்த ஒதுக்கம் மேற்கு 1 பாகை என்றால் அதைக் கழித்து 264 என்னும் உண்மைத் திசைக்கோணம் கிடைக்கும். கடல்வரைபடத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து எதிர்த்திசையான 84 பாகையில் ஒரு கோடு இழுத்தால், கப்பல் அக்கோட்டின் மேல் எங்கோ இருக்கிறது. வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கியைக் குறிநோக்கி இழுக்கும் இரண்டாம் கோடு முதற்கோட்டை வெட்டும் இடமே கப்பலின் இடம். மூன்றாவது பொருளைக் குறிநோக்கினால், கோடுகள் ஒரு புள்ளியில் கூடாமல் பெரும்பாலும் ஒரு சிறு முக்கோணத்தை உண்டாக்கும். அம்முக்கோணத்தின் அளவே பிழையின் அளவை மாலுமிக்கு அறிவிக்கிறது. கிழக்கு விலக்கத்தைக் கழித்தும் மேற்கு ஒதுக்கத்தைக் கூட்டியும் குழம்பினால், இதே எடுத்துக்காட்டில் விடை 260 ஆகி, 4 பாகை பிசகிவிடும்.

மேற்சொன்ன விலக்க அட்டை தானே கிடைப்பதன்று. கப்பலை வடக்கு, வடகிழக்கு, கிழக்கு என எட்டுத் திசைகளுக்கும் ஒவ்வொன்றாகத் திருப்பி நிறுத்தி, திசை முன்பே தெரிந்த கரைப்பொருளையோ கதிரவனையோ ஒவ்வொரு முறையும் குறிநோக்கி, காட்டும் கோணத்துக்கும் உண்மைக் கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திசைகாட்டி சரிசெய்பவர் எழுதுவார். காந்தத் தண்டுகளை ஏற்றியும் இறக்கியும் வேறுபாட்டைக் குறைத்த பின், நீங்காமல் எஞ்சிய பிழையை அட்டையாக எழுதிக் கப்பலின் மேல்தளத்தில் மாட்டுவார். பிழை முழுதும் நீங்கிவிட்டதாகப் பாராட்டாமல், எஞ்சியதை எண்ணால் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கும் இவ்வழக்கம் எல்லா அறிவுத்துறைகளும் பின்பற்றத் தக்கது.

கரையிலும் இதற்கு ஈடான ஏற்பாடுகள் வளர்ந்தன. துறைமுகச் சுவர்கள் எழுவதற்கு முன், கப்பல்கள் சென்னைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரமிட்ட காலத்திலேயே, 1796இல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் விளக்கு ஏற்றப்பட்டது. அது 1844இல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்துத் தூணுக்கும், 1894இல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் மாடத்துக்கும், 1977இல் மெரினாவுக்கும் இடம் மாறியது. படகு மீனவர்கள் கருவியின்றியே கோபுரத்தையும் அதற்குப் பின்னுள்ள குன்றையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து, வேறொரு பக்கத்தில் இன்னும் இரு பொருள்களை அவ்வாறே பொருத்தி, கடலடிப் பாரின் இடத்தைத் துல்லியமாகக் கண்டடைவதும் இக்கலையின் ஒரு கிளையே. நேர்கோட்டில் பொருந்திய இரு பொருள்களுக்கு ஊசியும் வேண்டாம். ஊசியின் பிழையும் இல்லை.

சுழலியும் செயற்கைக்கோளும்

காந்தத்தை நம்பாத திசைகாட்டி 20ஆம் நூற்றாண்டில் வந்தது. விரைந்து சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை மாற்றாது என்னும் இயல்பை 1852இல் ஃபூக்கோ சோதனையால் காட்டினார். அதைப் புவியின் சுழற்சியோடும் ஈர்ப்போடும் இணைத்து, அச்சு தானே உண்மை வடக்கில் நிலைகொள்ளும் ஜைரோ காம்பஸை ஜெர்மனியின் அன்ஷூட்ஸ் கெம்ஃபேயும், சற்றுப் பின்னர் அமெரிக்காவின் எல்மர் ஸ்பெர்ரியும் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். இக்கருவிக்கும் அதற்கேயுரிய பிழை உண்டு. கப்பலின் சொந்த ஓட்டம் புவியின் சுழற்சியோடு கலந்துவிடுவதால், சென்னையின் அகலாங்கில் 15 நாட் வேகத்தில் நேர் வடக்கே செல்லும் கப்பலில் இதன் காட்டு ஏறத்தாழ 1 பாகை பிசகும். வேகத்தையும் அகலாங்கையும் ஊட்டி அதைத் திருத்த வேண்டும். மின்சாரம் நின்றால் கருவியும் நின்றுவிடும். மீண்டும் தொடங்கினால் நிலைகொள்ளச் சில மணி நேரம் பிடிக்கும்.

செயற்கைக்கோள் வழிகாட்டி கப்பலின் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லும் இக்காலத்தில் இக்கருவிகள் எதற்கு என்ற கேள்வி இயல்பானதே. ஓர் அலைவாங்கி மட்டும் கொண்ட கருவி, கப்பல் எங்கே இருக்கிறது, தரையை நோக்க எத்திசையில் நகர்கிறது என்பவற்றைத்தான் சொல்லும். காற்றும் நீரோட்டமும் பக்கவாட்டில் தள்ளும்போது முகப்பு எங்கே நோக்குகிறது என்பது வேறு செய்தி. மேலும் செயற்கைக்கோள் அலைகளைத் தடுப்பதும், போலி அலைகளால் ஏய்ப்பதும் அண்மை ஆண்டுகளில் பல கடற்பகுதிகளில் நேர்ந்துள்ளன. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம், மின்சாரம் எதையும் சாராத, முறையாகச் சரிசெய்யப்பட்ட காந்தத் திசைகாட்டியையும், அடிவானம் முழுவதும் குறிநோக்கும் வசதியையும், கோணங்களை உண்மைத் திசைக்குத் திருத்தும் வழியையும், தான் ஆளும் எல்லாக் கப்பல்களும் அளவு வேறுபாடின்றிக் கொண்டிருக்க வேண்டும் என விதிக்கிறது. 500 டன்னும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு ஜைரோவும் வேண்டும். ஒவ்வொரு கருவியின் பிழையும் வெவ்வேறு காரணத்தால் வருவதால் ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சோதிக்க முடியும் என்பதே இவ்விதியின் உட்பொருள்.

கருத்தரங்கின் முன்னுள்ள பணிகள்

இக்கருத்தரங்கு சில பணிகளைத் தொடங்கிவைக்குமானால் அதன் நோக்கம் நிறைவேறும். முதலாவது, பொருள்களைத் தேடுதல். தூத்துக்குடித் தோணிகளும் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கலங்களும் 20ஆம் நூற்றாண்டிலும் பாய்விரித்து ஓடின; வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்மரக் கப்பல், பெயர் மாற்றப்பட்டு, அவ்வூர் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் க்ளோஸ்டர் துறையை அடைந்தது. அத்தகைய குடும்பங்களின் வீடுகளில் பழைய திசைகாட்டிப் பெட்டிகளோ, முடிச்சு நூலோடு கூடிய பலகைகளோ, ஓட்டக் குறிப்பேடுகளோ எஞ்சியிருக்குமானால், அவை பித்தளை விலைக்குப் போவதற்கு முன் படமெடுத்து அளந்து பதிவு செய்யப்பட வேண்டும். பலகையின் உயரத்தையும் முடிச்சுகளின் இடைவெளியையும் அளந்தால், அதை வைத்திருந்தவர் எந்தெந்தத் துறைகளுக்குச் சென்றார் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல இயலும்.

இரண்டாவது, சென்னை, திருவனந்தபுரம், கோடைக்கானல் ஆய்வகங்களின் பழைய காந்தப் பதிவுகளைக் கொண்டு, தமிழகக் கரையின் காந்த ஒதுக்கம் ஆண்டுதோறும் எவ்வாறு மாறியது என்னும் அட்டவணையை உருவாக்குதல். பழைய கப்பல் நாட்குறிப்புகளில் உள்ள திசைகளை இன்றைய வரைபடத்தில் பொருத்த அதுவன்றி வேறு வழியில்லை. மூன்றாவது, கலைச்சொற்களை ஒழுங்குபடுத்துதல். பள்ளி இயற்பியல் நூல் காந்த ஒதுக்கம் என்கிறது. கப்பலில் வேரியேஷன் என்கின்றனர். படகில் காம்பஸ் என்றே வழங்குகின்றனர். ஒன்றை மற்றொன்றுக்குப் பகையாக்காமல் மூன்றையும் ஒரே பதிவில் தரும் அகராதி மாணவர்க்கும் மாலுமிக்கும் பயன்படும். நான்காவது, இப்பகுதியின் பட்டறைகள் ஏற்கத்தக்க பணி: இராப்பலகை, பெலோரஸ், திருத்தக் காந்தங்களோடு கூடிய சிறு பின்னக்கிள் ஆகியவற்றின் மாதிரிகளைப் பள்ளிகளுக்குச் செய்து தருதல். இரும்புத் துண்டை அருகே கொண்டுவந்ததும் ஊசி விலகுவதையும், எதிர்க்காந்தம் வைத்ததும் திரும்புவதையும் கையால் செய்து பார்க்கும் மாணவருக்கு விலக்க அட்டையின் தேவையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

கடலோட்டப் பெருமையை நாட்டுவதற்கு வலுவற்ற சான்றுகளைத் தேடி அலைய வேண்டிய நிலையில் தமிழ் ஆய்வுலகம் இல்லை. விரல் கணக்கில் அகலாங்கை அளந்த மரபும், காந்த நடுக்கோடு ஓடும் நிலமும், இரு நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அளவீடுகளும் அதன் கையில் உள்ளன. அவற்றை அளவுக்கு அளவு, பிழைக்குப் பிழை ஆராய்ந்து எழுதுவதே இனிச் செய்ய வேண்டியது. இங்குப் படிக்கப்படும் கட்டுரைகள் தத்தம் முடிவுகளோடு அம்முடிவுகளின் ஐயப்பாட்டு எல்லையையும் சேர்த்தே அவை முன் வைக்கும் என்ற எதிர்பார்ப்போடு, இராப்பலகையைப் பற்றிய முதல் அமர்வுக்கு அவையை அழைத்து, இக்கருத்தரங்கு தொடங்கிவைக்கப்படுகிறது.